தள்ளிப் பார்த்து வாங்கிய வண்டி

ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், சுற்றி இருப்பவர்கள் மைலேஜ் என்ன என்பார்கள். அடுத்து விலை, அதற்கடுத்து நிறம். வண்டி எத்தனை கிலோ என்று கேட்டவரை நான் பார்த்ததே இல்லை. மதுரைக்குள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, தள்ளுவதும் பின்னால் இழுப்பதும் இண்டு இடுக்கில் திருப்புவதும் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவதும். அந்த இரண்டாவது பாதியை நினைத்தே நான் தேர்ந்தெடுத்த வண்டி டி.வி.எஸ். ஸ்கூட்டி பெப் பிளஸ். 87.8 சி.சி. எஞ்சின், 93 கிலோ எடை. 2021-இல் வாங்கினேன். சாலைக்கு வந்து சேரும்போது எழுபதாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். வில்லாபுரத்தில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வயது ஐம்பதை நெருங்குகிறது. வலது முழங்கால் எப்போதோ மிதிமெஷினுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. வாரத்தில் பல நாள் தெற்குவாசல் பாலம் ஏறி இறங்கித் தெற்கு மாசி வீதிக்கும் விளக்குத்தூண் பக்கமும் போக வேண்டும். லைனிங் துணி, ஃபால்ஸ், கொக்கி, ஜிப், நூல்கண்டு, லேஸ் என்று ஏதாவது ஒன்று தீர்ந்துகொண்டே இருக்கும். புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அங்கேயும் ஒரு நடை. போக வர ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். நான்குவழிச் சாலையில் பறக்கிறவர்களுக்கு நான் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை, அவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டும்.

வாங்கும் முன் ஷோரூமில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டுவது இருக்கட்டும், எஞ்சினை அணைத்துவிட்டு இந்தச் சாய்தளத்தில் பின்பக்கமாக ஏற்றிப் பார்க்கிறேன் என்றேன். விற்பனைக்கு நின்ற தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டார். நின்றிருந்த வண்டிகளை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். 110 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டியவை, பாதிச் சாய்தளத்தில் என் முழங்கால் கையை விரித்துவிட்டது. பெப் பிளஸ் ஏறியது. காகிதத்தில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோதான் வித்தியாசம். ஆனால் சாயத் தொடங்கிய வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது அந்தப் பன்னிரண்டு கிலோவும் ஒரே மணிக்கட்டில் வந்து உட்காரும். அப்போதுதான் எடை என்றால் என்னவென்று தெரியும்.

தெற்கு மாசி வீதியில் மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டி நிறுத்தியவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளுக்குள் வாகனம் நுழையக் கூடாது. அதனால் ஊரில் உள்ள இருசக்கர வாகனமெல்லாம் ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும் வந்து குவியும். நாம் நிறுத்தும்போது இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் இருக்கும். ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் இந்தப் பக்கம் ஒரு புல்லட், அந்தப் பக்கம் ஒரு எக்ஸ்எல், பின்னால் குறுக்கே ஒரு பைக். ஹேண்டில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். குறுக்கே நிறுத்தியவர் எந்த மாடியில் பட்டுப் புடவை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, மீனாட்சிக்கே வெளிச்சம்.

இந்த இடத்தில் எஞ்சின் எத்தனை சி.சி.யாக இருந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் செய்வது இதுதான். முதலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவேன். இடது கை ஹேண்டிலில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியில். ஸ்டாண்டின் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை வலது பாதத்தால் அழுத்தி, உடம்பின் பாரத்தை மெல்ல அதன்மேல் இறக்கினால் வண்டி தானாகவே பின்வாங்கி ஏறிக்கொள்ளும். தூக்க வேண்டியதில்லை. தூக்கினால்தான் இடுப்பு பிடிக்கும். ஏறியதும் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். இப்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு வெட்டு வெட்டினால் ஸ்டாண்டின் கால்கள் கல்லில் கரகரவென்று உரசிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் அரைச் சாண் நகரும். இன்னொரு வெட்டு, இன்னொரு அரைச் சாண். கோத்திருந்த ஹேண்டில் விடுபட்டதும் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, குறுக்கே நிற்கும் பைக்கின் வாலுக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் உருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஸ்டாண்டின் அடி தேய்கிறது, பெயின்ட் போகிறது. போகட்டும். "அக்கா, தள்ளி நில்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று கடைப் பையன்கள் வருவதற்குள் நான் தெற்குவாசல் திருப்பத்தில் இருப்பேன்.

அந்த ஸ்டாண்டுக்கு ஈஸி ஸ்டாண்ட் என்று பெயர் வைத்து விளம்பரம் செய்கிறார்கள். விளம்பரத்தில் சொல்வதில் பாதியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, இதை நம்பலாம். சீட் உயரம் 76 செ.மீ.யை ஒட்டி வருகிறது. சிக்னலில் நிற்கும்போது என் இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்றும். உயரமான பெண்கள் இதன் அருமையை உணர மாட்டார்கள். ஆறடி ஆண்கள் ஏறினால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். என் வீட்டுக்காரர் இதை ஓட்டுவதைப் பார்க்கச் சகிக்காது, அதனால் அவரிடம் கொடுப்பதில்லை. வண்டி எனக்கு மட்டும் என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கால் வைக்கும் இடம் தட்டையாக இருக்கிறது. என் தொழிலுக்கு அது பெரிய விஷயம். துணி மூட்டையைப் பின் சீட்டில் கட்டினால் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கால் நடுவே வைத்தால் கண் முன்னால் இருக்கும். தையல் மெஷினின் தலைப்பகுதியைப் பழுதுபார்க்க எடுத்துப் போவதும் இதில்தான். பழைய வார்ப்பிரும்புத் தலை, கனம் சொல்லி மாளாது. அதைப் பழைய போர்வையில் சுற்றி, ஊசிப் பக்கம் என்னைப் பார்க்காதபடி குறுக்காகப் படுக்கவைத்து, இரண்டு பாதத்தாலும் இடுக்கிக்கொள்வேன். கனம் தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது, நிதானம் கூடவே செய்யும். ஆனால் வளைவில் ஹேண்டில் முழுக்கத் திரும்புகிறதா என்று கிளம்பும் முன்பே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி சின்னது. என் ஹெல்மெட் அதில் அடங்காது, டிபன் பாக்ஸும் மழைக்கோட்டும் அடங்கும். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கடைக்குக் கடை அலைகிறேன். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து ஹெல்மெட் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அது உண்டு என்பதை என் மதினிக்குப் புரியவைக்கத்தான் நாளாயிற்று. கொண்டை கலைகிறதாம்.

எஞ்சினுக்கு வருகிறேன். தெற்குவாசல் பாலம்தான் அதற்குப் பரீட்சை. தனியாகப் போனால் நாற்பதில் சிரமமில்லாமல் ஏறிவிடுகிறது. மதினியைப் பின்னால் ஏற்றி, காலடியில் மூட்டையும் வைத்துக்கொண்டால் பாலத்தின் நடுவில் முப்பதுக்கும் கீழே இறங்கும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் அவ்வளவுதான். ஐந்தரைக் குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. இடது ஓரமாக ஒதுங்கி, பின்னால் ஹாரன் அடிக்கிற பஸ்காரரைக் கண்டுகொள்ளாமல் ஏற வேண்டியதுதான். தினமும் இரண்டு பேர் போக வர வேண்டிய குடும்பம் இந்த வண்டியை வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போவது வேறு கதை, அதற்குத் தாராளம்.

கியர் இல்லாத வண்டி எப்படி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தானே மாறிக்கொள்கிறது என்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் தம்பி இடது பக்க மூடியைக் கழற்றிக் காட்டியதும் சட்டென்று பிடிபட்டது. எங்கள் மிதிமெஷினில் கீழே ஒரு பெரிய சக்கரம், மேலே ஒரு சின்னச் சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். இங்கேயும் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். எங்கள் சக்கரங்களின் அளவு மாறாது, இங்கே மாறுகிறது. புல்லி ஒவ்வொன்றும் இரண்டு தட்டுகளாக இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடும்போது முன் புல்லிக்குள் இருக்கும் சின்ன உருளைகள் வெளிப்பக்கம் ஒதுங்கி, தட்டுகளை நெருக்குகின்றன. தட்டு நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும். அதாவது முன் சக்கரம் பெரிதானது போல. அந்த இழுப்பில் பின் புல்லியின் தட்டுகள் விலகி, அங்கே பெல்ட் உள்ளே இறங்கும், சக்கரம் சிறிதானது போல. ஏற்றத்தில் வேகம் குறைந்தால் எல்லாம் மறுபடி பழையபடி. மனிதர் கை படாமல் நொடிக்கு நொடி கியர் மாறிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது தெரிந்த பிறகு என் ஓட்டும் பழக்கமே மாறியது. பின் புல்லியோடு ஒரு கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் கொஞ்சம் வேகம் பிடித்தால்தான் அதன் கட்டைகள் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைப் பற்றும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சும்மா ஓடும் எஞ்சின் சக்கரத்தை இழுக்காததற்கு அதுதான் காரணம். கோரிப்பாளையம் மாதிரியான சிக்னலில் பலரும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிக்கொண்டு நிற்பார்கள், பச்சை விழுந்ததும் பாய்வதற்கு. அத்தனை நேரமும் அந்தக் கட்டை டிரம்மில் தேய்ந்து சூடேறிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து கிளட்ச் மாற்றுகிறவர்கள் இவர்கள்தான். இன்னொன்று, பெல்ட் தேயும் பொருள். சுமார் இருபதாயிரம் கிலோமீட்டரை நெருங்கும்போது திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஓரத்தில் விரிசல் இருந்தால் பேரம் பேசாமல் மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் நடுரோட்டில் அறுந்தால் எஞ்சின் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், வண்டி மட்டும் நகராது.

காலையில் கிளப்புவதில் தொல்லை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த எஞ்சினுக்கும் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. மார்கழியிலும் சோக்கை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உதைத்துக் கிளப்பும் கிக்கரையும் விட்டுவைத்திருக்கிறார்கள். பேட்டரி சோர்ந்த நாளில் அது உதவும், என் முழங்கால் சம்மதித்தால்.

பிரேக் இரண்டும் 110 மி.மீ. டிரம் பிரேக். டிஸ்க் கிடையாது. இந்த எடைக்கும் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கும் டிரம் போதும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான எல்லா வண்டிகளிலும் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். இதில் இடது கைப் பிரேக் அந்த வேலையைச் செய்கிறது. ஆட்டோ ஒன்று குறுக்கே திரும்பும்போது பதற்றத்தில் இடது கையை மட்டும் இறுக்கினாலும் வண்டி வாலை ஆட்டாமல் நிற்கிறது. மதுரை ஆட்டோக்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

சக்கரம் பத்து அங்குலம். இந்தச் சின்ன வண்டி இவ்வளவு தாழ்வாகவும் லேசாகவும் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. பெரிய சக்கரம் பள்ளத்தின் மேல் தாண்டிப் போய்விடும், சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி, மேலே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போன தெருக்களில் என் முதுகெலும்பு எத்தனை கண்ணிகளால் ஆனது என்று எண்ணிச் சொல்லிவிடுவேன். அண்ணன் வைத்திருக்கும் எக்ஸ்எல் 100-இல் பதினாறு அங்குலச் சக்கரம், அவர் அதே தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார். எக்ஸ்எல் இதைவிடவும் எடை குறைந்த வண்டிதான். அரிசிச் சிப்பம், வாழைத்தார், தண்ணீர்க் கேன் எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காது. டி.வி.எஸ். 50 என்று 1980-இல் ஓசூரிலிருந்து வந்த மொபெட்டின் வாரிசு அல்லவா. ஆனால் அதன் முன்பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டகம் குறுக்கே வரும், மழையிலும் சேற்றிலும் காலுக்குப் பாதுகாப்பு குறைவு, புடவையோடு ஏறி இறங்க எனக்கு ஒத்துவரவில்லை. மூட்டை மட்டுமே முக்கியம் என்றால் யோசிக்காமல் எக்ஸ்எல் வாங்குங்கள்.

மழையைப் பற்றி ஒரே ஒரு வரி. தண்ணீர் சைலன்சரைத் தொடும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். மணிநகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் ஐப்பசி மழையில் வண்டிகள் நின்றுபோவதை இந்த ஊர் ஆண்டுதோறும் பார்க்கிறது, அப்படியும் ஆண்டுதோறும் இறங்குகிறார்கள்.

பெட்ரோல் கணக்குக்கு வருவோம். டேங்க் 4.2 லிட்டர்தான். மூடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பங்கில் ஒவ்வொரு முறையும் இறங்கி, பையைக் கழுத்தில் மாட்டி, சீட்டைத் திறந்து நிற்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விடுவார். வெளியிலேயே மூடி வைத்த ஸ்கூட்டர்கள் வந்துவிட்ட காலத்தில் இது எனக்குப் பிடிக்காத ஒன்று. என் கைக்கு, ஊருக்குள் நின்று நின்று போவதற்கு, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைக்கிறது. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுக் கிலோமீட்டர் போய் வந்தால் பதினெட்டு ரூபாய்.

பதினெட்டு ரூபாய் மலிவுதான். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. சும்மா போகலாம் என்றிருக்கும்போது எழுபதாயிரத்தைப் போட்டு வண்டி எதற்கு என்று என் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்கு முன்னால், 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை மானியமாகக் கொடுக்கும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. என் கடைக்குத் தைக்க வரும் பெண் ஒருத்தி அதில்தான் வண்டி எடுத்தாள். பிறகு பஸ் இலவசமானது. இரண்டில் எது பெரிய உதவி என்று கடையில் நாங்கள் வாதாடாத நாள் குறைவு. மாதச் சம்பளத்துக்கு ஒரே இடத்துக்குப் போய் ஒரே நேரத்தில் திரும்புகிறவளுக்குப் பஸ்தான், சந்தேகமே இல்லை. அந்த எழுபதாயிரத்தில் அவள் ஒரு பவர் மெஷின் வாங்கிப் போடலாம், மீதியும் கையில் இருக்கும்.

என் கதை வேறு. ஒரு நடையில் நான்கு கடை ஏறி இறங்க வேண்டும். கல்யாண ரவிக்கைக்கு இரவு எட்டு மணிக்கு லேஸ் குறைந்தால் கடை அடைப்பதற்குள் ஓட வேண்டும். மூட்டையோடு கூட்ட பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பார்க்கும் பார்வைக்கு டிக்கெட்டே வாங்கிவிடலாம் என்று தோன்றும். இப்போது மூட்டை இல்லாத நாளில் பஸ், மூட்டை உள்ள நாளில் வண்டி. முகூர்த்த மாதங்களில் வண்டிக்கு ஓய்வே இல்லை. ஆடியில் அது வாசலில் நின்று தூசி பிடிக்கும். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிப் பக்கம் இரண்டுமே உதவாது, நடைதான்.

பேட்டரி ஸ்கூட்டர் ஏன் வாங்கவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வண்டி நிற்கும் இடத்தில் வீட்டு உரிமையாளர் ஒரு பிளக் பாயின்ட் வைக்கச் சம்மதிக்கும் நாளில் யோசிக்கிறேன்.

பராமரிப்பில் பெரிய செலவு இல்லை. ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, பிரேக் கேபிளை இறுக்குவது. ஊரில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் ஒரு தடவை விட்டுவிட்டு வந்தேன். நான் கேட்காத மூன்று சுத்தம் செய்யும் திரவங்களின் விலையோடு பில் நீண்டது. எதை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகு தெரு முனைத் தம்பியிடம் போகிறேன். அவர் கழற்றிய பழைய பொருளைத் துணியில் வைத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் புதியதை மாட்டுவார். எங்கள் தொழிலில் மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன மதிப்போ அதே மதிப்பு அதற்கும்.

மதுரை வெயிலைப் பற்றி எந்த நிறுவனமும் யோசித்து சீட் போட்டதாகத் தெரியவில்லை. மே மாதத்தில் மதியம் வெளியே நிறுத்திய வண்டியில் அப்படியே உட்கார முடியாது. கடையில் விற்கும் உறைகள் ஒரு பருவம் தாங்குவதில்லை, மூலையில் தையல் விட்டுவிடும். நான் கனமான காடாத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரத்துக்கு எலாஸ்டிக் கொடுத்து, மூலைகளில் பிளீட் எடுத்துத் தைத்துக்கொண்டேன். வெளிர் நிறம், கழற்றித் துவைக்கலாம். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் தைத்துக் கொடுத்ததில் ஒரு சர்வீஸ் செலவு வந்துவிட்டது. துணி என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். துப்பட்டாவைத் தோளில் தொங்கவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். புடவை என்றால் முந்தானையைச் செருகுங்கள். பின் சக்கரத்துக்கு மூடி இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம், பக்கவாட்டில் உட்காருகிறவர்களின் துணிதான் முதலில் உள்ளே போகும்.

அண்ணன் மகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. லேசான வண்டிதானே அத்தை, சாவியைக் கொடுங்கள் என்று வாரந்தோறும் நச்சரிக்கிறாள். பதினாறு வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. சட்டம் அந்த வயதில் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும்தான். இது 87.8. வண்டியின்மேல் ஸ்கூட்டி என்று எழுதியிருப்பதால் சலுகை ஒன்றும் கிடையாது. பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. இதைச் சொன்னால் அண்ணனே சிரிக்கிறார், எங்கள் காலத்தில் யார் பார்த்தார்கள் என்கிறார். சாவி என் இடுப்புச் சுருக்குப் பையில்தான் இருக்கிறது. வயது ஆனதும் கியர் வண்டிக்கான உரிமமாகவே எடுத்துவிடு என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது இருந்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம், பைக்கும் ஓட்டலாம், இரண்டாவது தடவை எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.